கை தூக்கியவருக்கு முடிவு சொல்லக் கூடாது

1

இந்தக் கதை எனக்கு ஒரு டிக்கெட் வரிசையில் கிடைத்தது. முன்னால் நின்ற இருவரில் ஒருவர் படத்தை ஏற்கெனவே பார்த்தவர். மற்றவர், "முடிவ மட்டும் சொல்லிடாதே, கொன்னுடுவேன்" என்று சொல்லிவிட்டு இருமினார். வரிசை நகர்ந்து உள்ளே போன பிறகும் அந்த இருமல் கேட்டது. அவ்வளவுதான் உண்மை. மீதி எல்லாம் நான் கட்டியது. அதனால் வருகிற பழியும் என்னுடையதே.

முதல் தொடக்கம்: "எக்ஸ்ரே எடுப்பவனுக்கு மனிதர்கள் எல்லாரும் உள்ளே ஒன்றுதான் என்று..." (வேண்டாம். எடுத்த எடுப்பில் தத்துவம் பேசினால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். நானும் அப்படித்தான்.)

இரண்டாவது: "கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஞாயிறு மாலை நாலைந்து பேர் படம் பார்ப்பார்கள்." (இது தேவலை. இதையே பிடித்துக்கொள்கிறேன்.)

2

கடைக்காரர் அளவு பார்த்துக் கண்ணாடி வெட்டித் தருபவர். ஞாயிறு மாலை கடையைச் சாத்திவிட்டுப் பின்னறைச் சுவரில் படம் ஓட்டுவார். அதற்கு முன், சாய்த்து வைத்திருக்கும் நிலைக்கண்ணாடிகளை எல்லாம் சுவர்ப்பக்கம் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஒரே படம் ஏழெட்டு இடத்தில் ஓடும். திருப்புகிற வேலை எக்ஸ்ரே எடுப்பவனுடையது. பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவன், கடைக்காரருக்குத் தம்பி முறை வைத்துப் பழகியவன்.

அறையில் இரண்டு கட்சி. அவன் அறிவியல் படக் கட்சி. கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுவதுதான் சினிமா என்பான். "ஆயிரம் வருஷம் தள்ளிப் போறான், வேற கிரகத்துல வீடு கட்றான். ஒருத்தனுக்காவது சளி பிடிக்குதா பாரு" என்பார் கடைக்காரர். அவர் அனிமேஷன் கட்சி. தெருவிளக்கு ஒன்று தொலைந்துபோன தன் தெருவைத் தேடி நடக்கும் படத்தை எத்தனை தடவை ஓட்டினாரோ, கணக்கில்லை. "அதுல தானா அசையற இலை ஒண்ணு கிடையாது தம்பி. ஒவ்வொண்ணையும் ஒருத்தன் உக்காந்து அசைச்சிருக்கான்."*

எந்தக் கட்சியானாலும் விதி ஒன்றுதான். படம் பார்க்காதவர் கை தூக்கிவிட்டால், முடிவைப் பற்றிய பேச்சு அங்கேயே நிற்க வேண்டும். முகத்தாலும் சொல்லக் கூடாது. உதட்டைப் பிதுக்கினால்கூட அடுத்த வாரம் நாற்காலி கிடையாது, தரைதான். தரையில் ஒரு நாளும் உட்காராதவன் எக்ஸ்ரே எடுப்பவன். கதாநாயகி செத்தாளா பிழைத்தாளா என்பதை அவன் முகத்திலிருந்து யாரும் பிடுங்கியதில்லை.

(* இந்த வசனத்தை அவர் வாயில் வைத்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அது என் கழுத்தைப் பிடிக்கிறது.)

3

கடைக்காரருக்கு இருமல் மாதக்கணக்கில் ஓடியது. கண்ணாடித் தூசு என்று தள்ளிப்போட்டார். எக்ஸ்ரே எடுப்பவன்தான் பிடிவாதமாக அழைத்துப் போனான். மார்பைப் பலகையோடு ஒட்டவைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, படம் எடுத்தான். திரையில் வந்ததைப் பார்த்தான்.

(அவன் பார்த்ததை அரைப்பக்கம் வர்ணித்து எழுதிப் பிறகு அடித்துவிட்டேன். வலது பக்கம், எலுமிச்சம்பழ அளவுக் கட்டி. போதும்.)

அவன் வெளியே வந்தபோது அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அவன் வாயைத் திறக்கும் முன் கையைத் தூக்கினார்.

"நான் இன்னும் பாக்கல" என்று சிரித்தார்.

அவனும் சிரித்தான். எடுப்பவன் சொல்லக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பது அவன் வேலையின் விதியும்கூட. டாக்டரைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான், பழகிய அதே முகத்தோடு.

(நிஜத்தில் எவனும் இப்படி இருக்க மாட்டான் என்கிறாள் என் மனைவி. இரண்டு விதிகள் ஒரே பக்கம் இழுத்தால் யாரும் ஊமையாகிவிடலாம் என்று நான் நினைக்கிறேன். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.)

4

அடுத்த ஞாயிறு கடைக்காரர் வழக்கம்போலச் சண்டை போட்டார். நிலவில் கிணறு தோண்டும் படத்தைக் கிழிகிழியென்று கிழித்தார். டாக்டர் சொல்லியிருப்பார், மருந்து ஓடுகிறது, மனிதர் தைரியமாக மறைக்கிறார் என்று எக்ஸ்ரே எடுப்பவன் நினைத்துக்கொண்டான். மழை போய் வெயில் வந்தது. அவருடைய சட்டை மட்டும் வாரா வாரம் பெரிதாகிக்கொண்டே போனது.

ஒரு நாள் காய்கறிக் கடையில் அவர் மனைவியைப் பார்த்தான். டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டான்.

"எந்த டாக்டர்? படம் எடுத்தன்னிக்கே உங்க மூஞ்சியப் பாத்துட்டு நேரா வீட்டுக்கு வந்துட்டாரே. தம்பி மூஞ்சில ஒண்ணுமே இல்ல, அப்ப உள்ளயும் ஒண்ணுமில்லன்னார். நாந்தான் அதுவரைக்கும் பயந்து செத்துட்டேன் போங்க."

அவன் கையில் இருந்த பை நழுவியது. குனிந்து எடுத்தான்.

அந்த முகத்தை அப்படிப் பழக்கியவரே கடைக்காரர்தான். அதை மறந்துவிட்டாரா, மறக்க விரும்பினாரா? படைத்தவன் நான், எனக்கே தெரியவில்லை.

5

முடிவு ஒன்று: ஓடிப்போய்ச் சொல்கிறான், அறுவை சிகிச்சை, பிழைக்கிறார். (எழுதிப் பார்த்தேன், மூன்றே வரியில் பிழைத்துவிட்டார். ஆனால் எலுமிச்சை அத்தனை மாதம் எலுமிச்சையாகவே இருக்குமா? நானே நம்பவில்லை.)

முடிவு இரண்டு: கடைசிவரை சொல்லாமலே இருந்துவிடுகிறான். (கோழைத்தனம். அவனுடையதா என்னுடையதா என்று கேட்காதீர்கள்.)

நடந்தது இவ்வளவு. நேராகக் கடைக்குப் போனான். ஞாயிறு இல்லை என்பதால் கண்ணாடிகள் எல்லாம் வெளிப்பக்கம் பார்த்து நின்றன. ஏழெட்டு இடத்தில் அவன் முகம் தெரிந்தது. ஒன்றிலும் ஒன்றுமில்லை. இந்த முகத்தை நம்பித்தான் அவர் வீட்டுக்குப் போனார் என்று அவனுக்குப் புரிந்தது. அப்போதுதான் அழுகை வந்தது.

"அண்ணே, அன்னிக்கு எடுத்த படம்..."

கடைக்காரர் வெட்டுக்கருவியைக் கீழே வைத்தார். அவன் கண்ணைப் பார்த்தார். கையைத் தூக்கினார். எல்லாக் கண்ணாடியிலும் கை எழுந்தது.

6

தானாக அசைகிற இலை கிடையாது என்றாரே, அப்படியானால் இந்தக் கையைத் தூக்கியவன் நான்தான். இருமலும் நான் கொடுத்தது. தூக்கிய கையை இறக்கவைக்கவும் என்னால் முடியும். இறக்கினால் அவன் சொல்லியாக வேண்டும், அவர் கேட்டாக வேண்டும். அந்த ஒரு வரிக்காக உட்காருவதும் எழுந்து போவதுமாக இருக்கிறேன்.

கடைக்காரர் மெதுவாகக் கையை

இல்லை, என்னால் ஆகாது. இத்தனை நேரம் அப்படியே தூக்கி வைத்திருந்தால் அவருக்குத் தோள் வலிக்கும். நீங்களாவது இறக்கிவிடுங்கள்.