வெறுங்கால் விதி

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், செருப்புக் காலோடு கொள்ளி வைத்தால் செத்தவருக்குக் கைலாயத்தின் கதவு திறக்காது. பிள்ளையார்பாளையத்துப் பெரிய மனிதரும், மூன்று கும்பாபிஷேகப் பத்திரிகைகளில் பெயர் அச்சானவருமான பஞ்சாட்சரம், தம்பி சபாபதியின் சிதையருகே நின்று இதை அறிவித்தார். கைலாயத்துச் சாவி தன் இடுப்பில் தொங்குவதுபோல வேட்டியை ஒருமுறை இறுக்கிக்கொண்டார்.

பெண் சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்ற முதல் தடையை சபாபதியின் மனைவி காயத்ரி வீட்டு வாசலிலேயே முடித்திருந்தாள்: "அவருக்குப் புள்ள இவதான். போய் வச்சிட்டு வாடி."

மகள் கீர்த்திக்குப் பதினான்கு வயது. முதுகுத்தண்டு மூடாமலே பிறந்தவள். டாக்டர்கள் தைத்து மூடினார்கள்; ஆனால் கால்களுக்குச் சேதி போய்ச் சேரவில்லை. பாதங்கள் உள்ளே வளைந்தன, இடுப்பு மூட்டு நழுவியது, முதுகு ஒருபக்கமாகச் சாய்ந்து, உள்ளே கம்பி வைத்து நிமிர்த்தினார்கள். கால்களைத் தாங்கி நிறுத்த இரும்புக் காலிபர், அது ஷூவோடு சேர்த்து அறையப்பட்டது. ஷூவைக் கழற்றினால் காலிபர் இல்லை, காலிபர் இல்லாவிட்டால் அவள் நிற்பதில்லை. ஒருமுறை எலும்பு முறிந்தே போயும் அவளுக்கு வலிக்கவில்லை. தினமும் புண் தேடி அவள் காலைத் தடவிப் பார்க்கும் அப்பாதான், அது வீங்கிச் சுடுவதைக் கண்டுபிடித்தார். அந்த அப்பா இப்போது வறட்டிக்கு அடியில்.

"கயட்ட முடியாதுன்னா லோகேஷ் வைக்கட்டும்மா" என்று தன் மகனைக் காட்டினார் பஞ்சாட்சரம். "இல்லாங்காட்டி அவன் உன்னைத் தூக்கிக்கினு சுத்துவான்."

"தூக்கறதுக்கு நான் இன்னா பானையா பெரிப்பா?"

யாரோ சிரித்துவிட்டு, சுடுகாடென்று நினைவு வந்து இருமினார்.

"சாஸ்திரம்னு ஒண்ணு இருக்குதும்மா!"

"விறகு அடுக்கனவரு செருப்போடதான் அடுக்கனாரு. அப்போ சாஸ்திரம் டீ குடிக்கப் போயிருந்துச்சா?"

பஞ்சாட்சரம் லோகேஷைப் பார்த்தார். அவன் பானையைத் தூக்கிக் கீர்த்தியின் தோளில் வைத்தான். "அதோட அப்பாவுக்கு அது வைக்கட்டும் நைனா. எனக்குத்தான் நீ இருக்கிறியே."

இடத்தோளில் பானை, வலக்கையில் ஊன்றுகோல். ஒவ்வோர் எட்டுக்கும் காலிபர் கடக்கென்றது. பானையின் துளையிலிருந்து தண்ணீர் ஒழுகி முதுகெல்லாம் நனைந்தது. மூன்றாம் சுற்றில் உடம்பு சாய்ந்தது. லோகேஷ் கை நீட்டினான்.

"தொடாத!"

சாய்ந்தபடியே சுற்றி முடித்தாள். பானை உடைந்தது. கொள்ளி வைத்தாள்.

"திரும்பிப் பாக்காம போயிடணும். பாத்தா ஆவி கூடவே வந்துரும்" என்று பஞ்சாட்சரம் மிச்சமிருந்த அதிகாரத்தைச் செலவழித்தார்.

திருட்டுத்தனமாகப் பார்க்கும் வசதி அந்த முதுகுக்குக் கிடையாது. கீர்த்தி ஊன்றுகோலை நகர்த்தி, ஒரு காலை வைத்து, மறுகாலை இழுத்து, முழு உடம்பையும் திருப்பிக்கொண்டு நின்றாள். அவள் அவசரப்படாமல் பார்த்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. அப்பா எரிந்துகொண்டிருந்தார்.