காலப் பிழை

கல்யாணமான முதல் வருடம் முழுக்க, மாமியாருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் முகம் சுளித்ததில்லை, ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. ஆனால் செல்பேசியில் அவர் அனுப்பும் ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் ஒரு முற்றுப்புள்ளி இருந்தது.

'சரி.' என்று அனுப்புவார். 'பார்த்தேன்.' என்று அனுப்புவார். பிறந்தநாளுக்குக்கூட 'நலமாக இரு.' என்று ஆணி அடித்தாற்போல் முடித்துவிடுவார். அவளுக்கோ, அவள் வயதுக்காரர்கள் பலருக்கும் போல, ஒற்றை வார்த்தைக்குப் பின்னால் புள்ளி வைத்தால் அது முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிற மாதிரி.

மாமியார் இரண்டு மணி நேரப் பேருந்துத் தொலைவில், நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தார். சாட்சிகள் சொல்வதையும் வக்கீல்கள் கேட்பதையும் இருபத்தெட்டு வருடமாகத் தட்டிக்கொண்டிருப்பவர். ஒரு காற்புள்ளி இடம் மாறினால் ஒரு மனிதன் சொன்னதே மாறிவிடும் என்ற பயம் அவர் விரல்களில் ஊறிப்போயிருந்தது. மருமகள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்று நாள் முழுக்க ஒலிபெருக்கியில் சொல்கிறவள். வாயால் சொல்வதில் ஓர் எழுத்து பிசகாது. எழுத உட்கார்ந்தால் மட்டும் ஒற்றும் இருக்காது, புள்ளியும் இருக்காது. நிறுத்த வேண்டிய இடத்திலெல்லாம் மூன்று புள்ளி வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள்.

ஒருநாள் 'ஞாயித்துகிழமை வரேன் அத்தை...' என்று அனுப்பினாள். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: 'மீதியை எப்போது சொல்வாய்?'

மீதி என்ன என்று அவள் கேட்டாள்.

'மூன்று புள்ளி வைத்திருக்கிறாய். ஏதோ சொல்ல வந்து விழுங்கிவிட்டாய். வர விருப்பமில்லை என்றால் சொல்லிவிடலாம், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.'

அவள் அறிவிப்பு அறையின் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டாள். அடுத்த வண்டிக்கு ஆறு நிமிடம் இருந்தது. ஆறு நிமிடமும் தட்டினாள். 'நீங்க ஒரு புள்ளி வெச்சா கோவம்னு நான் நினைச்சேன் நான் மூணு புள்ளி வெச்சா கோவம்னு நீங்க நினைச்சிருக்கீங்க ஒரு வருஷமா ரெண்டு பேரும் புள்ளிக்கு பயந்து செத்திருக்கோம்'.

மாமியார் யோசித்துத்தான் பதில் போட்டார்: 'கணக்குப் பார்த்தால் நீதான் இரண்டு புள்ளி கூடக் கோபப்பட்டிருக்கிறாய்.'

அன்றிலிருந்து ஆரம்பித்தது சண்டை. அவள் 'சுவற்றில்' என்று எழுதினால் 'சுவரில்' என்று உடனே திருத்தம் வரும். 'பதட்டம்' என்றால் 'பதற்றம்'. தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று அவள் ஐந்து ஆச்சரியக்குறி போட, இத்தனை ஆச்சரியப்பட்டால் உடம்பு தாங்குமா என்று மாமியார் கேட்டார். அவளும் சும்மா இருக்கவில்லை. ஒருமுறை மாமியார் அவசரத்தில் 'வந்து' என்பதற்குப் பதில் 'வநது' என்று அடித்துவிட, அதைப் படம் பிடித்துத் தன் செல்பேசியின் முகப்பிலேயே ஒரு வாரம் வைத்திருந்தாள்.

நேரில் பார்க்கும்போது மட்டும் இந்தப் பேச்சு எதுவும் வராது. 'சாப்டியாம்மா' என்று அவர் கேட்பார், 'ஆச்சு அத்தை' என்று இவள் சொல்வாள். பிறகு இருவரும் ஜன்னலைப் பார்ப்பார்கள்.

மூன்றாம் வருடம் அவள் குரல் கம்ம ஆரம்பித்தது. முதலில் சளி என்று நினைத்தாள். பிறகு மதியத்துக்கு மேல் வார்த்தைகள் பாதியில் காற்றாகப் போயின. தொண்டை மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, குரல்நாணில் சின்னதாக ஒரு சதை வளர்ந்திருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்றார். எடுத்த பிறகு இரண்டு வாரம் வாயே திறக்கக் கூடாது. கிசுகிசுப்பதும் கூடாது, அதுதான் இன்னும் கெடுதல் என்றார். குரல் பழையபடி வருமா என்று கேட்டதற்கு, 'பெரும்பாலும் வரும்' என்றார். அந்தப் 'பெரும்பாலும்' அவள் மனத்தில் முள்ளாகத் தங்கிவிட்டது.

கணவன் சரக்குக் கப்பலில் இன்ஜின் பார்ப்பவன். அவன் கரை சேர இன்னும் மூன்று மாதம் இருந்தது. அவளுடைய அம்மாவுக்கு அப்போதுதான் கண் அறுவை நடந்திருந்தது. மாமியார் யாரையும் கேட்கவில்லை. மூன்று வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு பையோடு வந்து நின்றார்.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய முதல் நாள் இருவருக்குமே என்ன செய்வதென்று தெரியவில்லை. மாமியார் கேள்வி கேட்பார், அவள் கையை ஆட்டுவாள், மாமியார் வேறு எதையாவது புரிந்துகொண்டு அதை எடுத்துவந்து கொடுப்பார். போர்வை கேட்டால் துண்டு வந்தது. துண்டைத் திருப்பிக் கொடுத்தால் இன்னொரு துண்டு வந்தது. கடைசியில் அவள் செல்பேசியை எடுத்து, சோபாவின் அந்த மூலையில் உட்கார்ந்திருந்த மாமியாருக்கு, 'மருந்துக் குடிச்சேன் அத்தை குளிருது' என்று அனுப்பினாள்.

மாமியாரின் கைப்பை கிணுகிணுத்தது. கண்ணாடியை மாட்டிப் படித்தார். போர்வையை எடுத்துவந்து அவள் கால்மேல் விரித்தார். பிறகு தன் மூலைக்குப் போய் உட்கார்ந்து தட்டினார்: 'மருந்து குடித்தேன் என்றால் அங்கே க் வராது. மருந்தைக் குடித்தேன் என்றால் வரும்.'

'ரெண்டுலயும் கசப்பு ஒண்ணுதான்' என்று அவள் அனுப்பினாள்.

மாமியார் சிரித்தார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. பின்பற்கள் இரண்டு இல்லை என்பதே அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு வீடு ஒரு தினுசாக மாறிப்போனது. பேச முடிந்தவரும் பேசவில்லை. அவள் எழுதும்போது தான் மட்டும் வாயால் பதில் சொன்னால் அது சமமான சண்டை இல்லை என்று மாமியார் சொல்லிவிட்டார். ஒருத்தி சமையலறையிலும் இன்னொருவர் துணி மடித்துக்கொண்டும் இருப்பார்கள். டிங், டிங் என்று இரண்டு செல்பேசிகளும் மாறி மாறி அடிக்கும். பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையா என்று கவலையோடு விசாரித்துவிட்டுப் போனாள்.

எழுத்தில் அவர்கள் எதைத்தான் பேசவில்லை? மாமியார் தன் கணவர் இறந்த வருடம், மதிய இடைவேளைகளில் நீதிமன்றத்தின் காலி அறையில் உட்கார்ந்து வெற்றுத் தாளில் தட்டிக்கொண்டே இருந்ததை எழுதினார். எதைத் தட்டினீர்கள் என்று அவள் கேட்டாள். 'எதுவும் இல்லை. சத்தம் வேண்டியிருந்தது.' என்று பதில் வந்தது. அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே அவள் கொஞ்ச நேரம் இருந்தாள்.

ஐந்தாம் நாள் கூடத்து விளக்கு அணைந்துபோனது. மாமியார் மடக்கு நாற்காலியைப் போட்டு ஏறி விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். அறையிலிருந்து வெளியே வந்த அவள், நாற்காலியின் பின்கால் மெல்ல மடிவதைப் பார்த்தாள். 'அத்தை' என்று தொண்டை வரை வந்துவிட்டது. வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டு, மறு கையில் இருந்த எவர்சில்வர் தட்டைத் தரையில் ஓங்கி எறிந்தாள். அந்தச் சத்தத்தில் மாமியார் திடுக்கிட்டு அலமாரியைப் பிடித்துக்கொள்ளவும், நாற்காலி மடங்கி விழவும் சரியாக இருந்தது. அவள் ஓடிவந்து அவரைத் தாங்கி இறக்கினாள்.

தண்ணீர் குடித்து மூச்சு வாங்கிய பிறகு மாமியார்தான் முதலில் செல்பேசியை எடுத்தார். 'மாமியார் இருந்த திசையில் தட்டை வீசினாள் மருமகள். நாளைக்கு இந்த வழக்கு என் கோர்ட்டுக்கே வரும், நானே தட்டச்சுச் செய்ய வேண்டியிருக்கும்.'

'புள்ளி வெக்க மறந்துடாதீங்க' என்று அவள் அனுப்பினாள். அனுப்பிவிட்டு அழுதாள். மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு, அன்று மதியம்வரை எதையும் திருத்தவில்லை.

ஒன்பதாம் நாள் ரயில் நிலையத்தில் அவளோடு வேலை பார்க்கும் தோழி ஒரு ஒலித்துண்டு அனுப்பினாள். கெட்ட எண்ணத்தில் இல்லை, வேடிக்கையாகத்தான். அவள் இடத்தில் இப்போது ஒரு பதிவுசெய்த குரலைப் போட்டுப் பார்க்கிறார்களாம். 'எப்டி, ரோபோ மாதிரி இல்ல?' என்று தோழி கேட்டிருந்தாள்.

அவள் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றபடி அதைக் கேட்டாள். நடைமேடை இரண்டு. தாமதத்துக்கு வருந்துகிறோம். ரோபோ மாதிரியெல்லாம் இல்லை. தெளிவான, இளமையான, களைப்பே இல்லாத குரல். மூன்று முறை கேட்டாள். ஈரக் கையைத் துடைக்காமலே பால்கனிக்குப் போய் உட்கார்ந்தாள்.

மாமியார் சமையலறையில் எதையோ நறுக்கிக்கொண்டிருந்தார். செல்பேசி டிங் என்றது. வழக்கமான குறும்பு என்று நினைத்துத் திறந்தார். நீளமாக இருந்தது.

'நான் அந்த ஸ்டேஷன்ல அறிவிப்பாளரா இருந்தேன் அத்தை ஏழு வருஷம் ஒரு நாள் கூட தப்பா சொன்னதில்ல கண்ணு தெரியாத ஒருத்தர் தினமும் வருவாரு என் குரல கேட்டுதான் எந்த பக்கம் நடக்கணும்னு தெரியும்னு சொல்லுவாரு எனக்கு வேற எதுவும் நல்லா வராது அத்தை என் சமையல் கூட எப்டின்னு உங்களுக்கு தெரியும் இப்ப அவங்களுக்கு வேற குரல் கெடச்சாச்சு எனக்கு எது கெடைக்கும்'.

அதில் ஒற்று விடுபட்ட இடங்கள் இருந்தன. காற்புள்ளி ஒன்றுகூட இல்லை. மாமியார் கத்தியைக் கீழே வைத்தார். இரண்டு முறை படித்தார். ஆறுதலாக ஏதோ அடித்தார், அழித்தார். மறுபடி அடித்தார், மறுபடி அழித்தார். முப்பது வருடமாகப் பிறர் சொன்னதைத்தான் அவர் தட்டியிருக்கிறார். தானாக ஒன்றைச் சொல்வது அவருக்கு எப்போதுமே சிரமம்.

பால்கனியில் அவள் மடியில் இருந்த செல்பேசி அதிர்ந்தது.

'ஒரே ஒரு பிழைதான் இருக்கிறது. இருந்தேன் என்று எழுதியிருக்கிறாய். இருக்கிறேன் என்று வர வேண்டும். காலப் பிழை. மற்றதெல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறாய்.'

அவள் திரும்பிப் பார்த்தாள். கதவருகில் மாமியார் நின்றிருந்தார். செல்பேசி கையில் இருந்தும் இந்த முறை அவர் வாயைத் திறந்து பேசினார். "திருத்தி அனுப்பு. நான் காத்திருக்கேன்."

அவள் தட்டினாள். விரல் ஈரத்தில் எழுத்து மாறி மாறி விழுந்தது. 'அறிவிப்பாளரா இருக்கேன் அத்தை' என்று ஒருவழியாக அனுப்பினாள். மாமியார் படித்துவிட்டுத் தலையசைத்தார். 'இருக்கேன்' என்பது பேச்சு வழக்காயிற்றே என்று சொல்லவில்லை.

பதினைந்தாம் நாள் மருத்துவர் மறுபடியும் குழாய் விட்டுப் பார்த்தார். நன்றாக ஆறியிருக்கிறது என்றார். 'ஆ' என்று மெதுவாகச் சொல்லச் சொன்னார். முதலில் காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்து உடைந்தது. அவள் பயந்து மருத்துவரின் முகத்தைப் பார்த்தாள். முதல் நாள் இப்படித்தான் இருக்கும், பயிற்சியில் தேறும், ஆனால் ஒரு வாரத்துக்கு நாளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது என்று அவர் சொன்னார்.

வெளியே நீள்நடையில், வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளின் கடைசியில் மாமியார் உட்கார்ந்திருந்தார். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மருத்துவர் சொன்னதை அவள் உள்ளிருந்தே அவருக்கு அனுப்பியிருந்தாள். அவளைப் பார்த்ததும் எழுந்து செல்பேசியை எடுக்கப் போனார்.

"அத்தை," என்றாள் அவள்.

கரகரவென்று, ஒரு ஆண்பிள்ளைக் குரல் போல வந்தது. மாமியார் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"இன்னொரு தடவ சொல்லு," என்றார்.

"அத்தை."

"போதும். அஞ்சு நிமிஷத்த சேத்து வெச்சுக்கோ, ராத்திரி என் பிள்ள கூப்பிடுவான்." சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அங்கே நின்றிருந்த நர்ஸ், டாக்டர் என்ன சொன்னார் என்று அக்கறையாகக் கேட்டாள். நல்லதுதான் சொன்னார் என்று மாமியாரே பதில் சொன்னார்.

குரல் தேற இரண்டரை மாதம் ஆனது. பழையதைவிடக் கொஞ்சம் கனமாக வந்தது. நிலைய மேலாளர் அவளைக் காலை முறைக்கு மட்டும் போட்டார், மாலையில் பதிவுசெய்த குரலே ஓடட்டும் என்றார். அவளுக்கு முழுத் திருப்தி இல்லை. இருந்தாலும் முதல் நாள் காலை ஒலிவாங்கியைத் திறந்தபோது, நடைமேடையில் வெள்ளைக் கைத்தடியோடு ஒருவர் நின்று, தலையைத் தூக்கி, மேலே இருந்த ஒலிபெருக்கியின் பக்கம் திரும்பியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அன்று மதியம் மாமியாருக்கு அதை எழுதவில்லை, தொலைபேசியில் கூப்பிட்டே சொன்னாள்.

மாமியார் அதற்குள் விடுப்பு முடிந்து ஊருக்குத் திரும்பியிருந்தார். கிளம்பிய அன்று பேருந்து நிறுத்தத்தில் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை கோர்ட் முடிஞ்சதும் நேரா இங்க வந்துடுங்களேன் என்று அவள் கேட்டதற்கு, பார்ப்போம், சனிக்கிழமை வேலை இருந்தாலும் இருக்கும் என்றுதான் சொன்னார்.

அவள் தொலைபேசியில் கூப்பிட்ட அந்த வாரம், வெள்ளிக்கிழமை மாலை அழைப்புமணி அடித்தது. அவள் கதவைத் திறந்தாள். மாமியார் ஒரு கையில் பையும், மறு கையில் செய்தித்தாளில் சுற்றிய தன்னுடைய தலையணையுமாக நின்றிருந்தார்.