அந்தக் கோட்டில் எங்கோ

துறைமுகச் சுவரை ஒட்டிய ஒற்றை அறைதான் கடல் மீட்புக் குழுவின் அலுவலகம். ஒரு ரேடியோ, ஒரு தொலைபேசி, சுவரை அடைத்த கடல் வரைபடம். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அங்கிருந்த நாற்காலி டெய்லரக்காவுடையது. வாரமெல்லாம் தையல் மிஷினோடு மல்லுக்கட்டுகிற கழுத்து ஒரு நாளாவது நிமிரட்டும் என்றுதான் இந்தச் சம்பளமில்லாத வேலைக்கு வந்தாள். அப்புறம் விட மனம் வரவில்லை.

குழுவுக்கு இருந்தது ஒரே படகு. அன்று அது வடக்கே போயிருந்தது. பாறையில் மாட்டிய உல்லாசப் படகொன்றில் குழந்தைகளோடு ஒரு குடும்பம். மீட்புப் படகை ஓட்டிப் போனவர் மற்ற நாட்களில் பிளம்பர்.

தொலைபேசி அடித்தது.

"அக்கா, இன்ஜின் நின்னுபோச்சு. படகுக்குள்ள தண்ணி வருது."

"எங்க இருக்கீங்க தம்பி?"

"கடல்லதான்."

சொன்ன பிறகு அவனே சிரித்துவிட்டான். பயத்தில் வருகிற சிரிப்பு. மீன் பிடிக்க வந்தார்களாம், அவனும் அவன் மனைவியின் தம்பியும்.

"கரையில என்ன தெரியுது? பாத்துச் சொல்லுங்க."

"ரெண்டு புகைபோக்கி. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு நிக்குது."

வரைபடத்தில் அந்தப் புகைபோக்கிகளுக்கான இரண்டு புள்ளிகளையும் சேர்த்து ஸ்கேல் வைத்துக் கடல்பக்கம் கோடு இழுத்தாள். அந்தக் கோட்டில் எங்கோ அவர்கள் இருந்தார்கள். கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் என்பதுதான் பிடிபடவில்லை.

ரேடியோவில் பிளம்பரைக் கூப்பிட்டாள்.

"இங்க ரெண்டு பிள்ளைங்க இன்னும் பாறை மேலதான் இருக்கு. விட்டுட்டு வர முடியாதுக்கா. இவங்களை ஏத்தின உடனே வரேன்."

அரசு ஹெலிகாப்டரும் வேறொரு அழைப்பில் இருந்தது. பக்கத்தில் வேறு படகு ஏதாவது உண்டா என்று பொது அலைவரிசையில் மூன்று முறை கேட்டாள். இரைச்சல்தான் பதிலாக வந்தது.

"லைஃப் ஜாக்கெட் போட்டாச்சா தம்பி?"

"ஒண்ணுதான் இருந்துச்சு. மச்சான் பையனுக்குப் போட்டுட்டேன். அவனுக்கு நீச்சல் தெரியாது."

"குடிக்கிற தண்ணி கேன் இருக்கா? காலி பண்ணி, மூடியை இறுக்கி, அதைக் கட்டிப்புடிச்சுக்குங்க. படகு கவுந்தாலும் அதை விட்டு நீந்திப் போகாதீங்க."

"சரிக்கா. வந்துட்டிருக்காங்களா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "கிளம்பிடுவாங்க," என்றாள்.

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பையன் காதுல விழாம சொல்றேன். ரொம்ப நேரம் தாங்காதுக்கா..."

பெரிய சத்தம் ஒன்று. யாரோ "மாமா!" என்று கத்தினார்கள். இணைப்பு அறுந்தது.

திரும்பத் திரும்ப எண்ணை அழுத்தினாள். தொடர்பு கிடைக்கவில்லை என்பதையே பதிவு செய்த குரலொன்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கதவுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம்வரை கடல் கிடந்தது. கை கால் எல்லாம் இருந்தும் செய்ய ஒன்றுமில்லை.

பாறையில் இருந்த குடும்பத்தை ஏற்றி முடித்ததும் பிளம்பர் அந்தக் கோட்டோடு போய்த் தேடினார். பொழுது சாயும் நேரத்தில் ஒருவனைத் தூக்கி வந்து இறக்கிவிட்டு மறுபடி போனார். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தவன் மச்சான்காரன்.

"ஒரு அலை என்னையும் மாமாவையும் தூக்கி வீசிடுச்சு. பக்கத்துலதான் இருந்தாரு. அடுத்த அலைக்கு அப்புறம் கேன் மட்டும் மெதந்துச்சு."

தகவல் கேட்டு அவன் அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தாள். தம்பியைக் கண்டதும் கட்டிக்கொண்டு தலையை மாறி மாறித் தடவினாள். பிறகு அவன் தோளுக்கு மேலாக வாசலை எட்டிப் பார்த்தாள்.

"அவர் பின்னால வராரா?"

தம்பி போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டான்.

"தேடிட்டிருக்காங்கம்மா," என்றாள் டெய்லரக்கா.

இருட்டிய பின் படகு வெறுங்கையோடு திரும்பியது. பிளம்பர் உள்ளே வரவில்லை, படகுத்துறையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண்ணும் வீட்டுக்குக் கிளம்ப மறுத்துவிட்டாள். டெய்லரக்கா அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"அக்கா, இந்நேரம் தண்ணி ரொம்பக் குளிருமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "குளிரும்மா," என்றாள்.

மறுநாள் தேடினார்கள், அதற்கு மறுநாளும். மீன் பிடிக்கப் போன படகு மட்டும் கிடைத்தது.