நாக்கில் கரைகிற மாத்திரை

…கரைந்திருக்குமா, கரையாமலே வெளியே வந்திருக்குமா, பிளாஸ்டிக் வாளியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான் வெங்கடேஷ்பாபு, மஞ்சள் தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, எப்படித் தெரியும், நாக்கில் வைத்ததும் கரைகிற மாத்திரை அது, ஈரக்கை படக்கூடாதென்று துண்டில் துடைத்துவிட்டு அட்டையின் தாளை உரித்து அவன்தான் மனைவிக்கு எடுத்துக் கொடுத்தான், ஏழு பத்துக்கு. ஏழு இருபதுக்கு வாந்தி. நேற்று இரண்டாவது கீமோ. போன தடவை இதே மாத்திரையைப் போட்டு அரை மணியில் இரண்டு இட்லி சாப்பிட்டாளே காவ்யஸ்ரீ, சட்னியில் காரம் பத்தவில்லை என்று சண்டைகூடப் பிடித்தாளே… வாந்தியை நிறுத்தத்தான் மாத்திரை, அதையே வாந்தியெடுத்தால் போட்டதாகுமா, ஆகாதா? இன்னொன்று கொடுத்தால்தான் என்ன?

கட்டிலில் சுருண்டு கிடந்தாள். முடி கொட்டிய தலையில் அவனுடைய பழைய துண்டைக் கட்டியிருந்தாள், அழகாக இருக்கிறதென்று சொன்னால் முறைப்பாள், சொல்லாமலிருக்கவும் அவனால் முடிவதில்லை. "காவ்யா, இன்னொண்ணு போட்டுக்கிறியா?" "ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேளுங்க. நீங்களா டாக்டராகாதீங்க." வீட்டில் சௌராஷ்டிரம்தான் பேச்சு, கோபம் வந்தால் மட்டும் அவளுக்குத் தமிழ் வரும், கோபப்படுகிற அளவுக்காவது தெம்பிருக்கிறதே என்று அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

போனை ஸ்பீக்கரில் போட்டான், எடுத்த நர்ஸ் ஸ்ரீலக்ஷ்மி அவசரப்படாமல் கேட்டாள், மாத்திரை போட்டு எம்புட்டு நேரத்துல வாந்தி, படபடப்பு இருக்கா, தலைசுத்து இருக்கா, வேற மாத்திரை எதுவும் சாப்பிடுறாங்களா… "இல்ல சிஸ்டர், ஒண்ணுமில்ல," என்றான் சட்டென்று, எல்லாவற்றையும் வேளை தவறாமல் எடுத்துக் கொடுப்பவன் அவன்தானே, அவனுக்குத் தெரியாமல் என்ன இருக்கப்போகிறது? கட்டிலில் ஒரு கை உயர்ந்தது. "இருக்கு. மனசுக்குன்னு ஒண்ணு. எட்டு மாசமா சாப்பிடுறேன். கேன்சர் டாக்டர்ட்டயும் சொல்லல." தலையணை உறைக்குள்ளிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். அதிலிருந்த பெயரை அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான், தன் குரல் யாருடையதோபோல் இருந்தது. ஸ்ரீலக்ஷ்மி இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டாள். "சார், அதோட இதுவும் சேர்ந்தா சிலருக்கு இதயத் துடிப்பு மாறலாம். பயப்படாதீங்க. இன்னொண்ணு குடுக்காதீங்க, அந்த மாத்திரையையும் நீங்களா நிறுத்தாதீங்க. டாக்டர்ட்ட கேட்டுட்டுக் கூப்பிடுறேன்."

பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது, உடனே கூட்டிட்டு வாங்க, ஈசிஜி எடுத்துப் பாத்துட்டு வாந்திக்கு வேற மருந்து தரலாம்னு டாக்டர் சொல்றாங்க. தல்லாகுளத்தில் ஆட்டோ ஏறியதும் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள், எத்தனை லேசாகிவிட்டாள், "கோவமா?" "இல்லடி." கோபம் இல்லைதான், பயம்தான், அந்த இரண்டாவது மாத்திரையை அவன்பாட்டுக்குக் கொடுத்திருந்தால்… அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டான். நோய் தெரிந்ததிலிருந்து எவ்வளவு பயந்திருப்பாள், பாவம், மனசுக்கு மாத்திரை வேண்டித்தானே இருந்திருக்கும்… ஆனால் எட்டு மாதம் என்றாளே? மார்பில் கட்டி தெரிந்தது சித்திரைத் திருவிழா முடிந்த வாரம், அதற்கு நாலு மாதம்தானே ஆகிறது. அப்படியானால் அதற்கும் முன்னால், எல்லாம் நன்றாக இருந்ததாக அவன் நினைத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில்…