புறங்கையில் ஒரு விளக்கு

மூன்றாவது கிளாஸ் குளியலறையில் இருந்தது. விமலராஜின் பல் பிரஷ் அதற்குள் நின்றது. பிரஷை எடுத்துச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு, கிளாஸை மற்ற இரண்டோடும் சேர்த்துக் குசினித் தொட்டியில் போட்டுச் சவர்க்காரத்தால் தேய்க்கத் தொடங்கினான். பக்கத்து அறையில் அவனுடைய மனைவி செலஸ்ரீனா சவப்பெட்டிக்குள் கிடந்தாள். சுற்றி முப்பது பேர் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

குசினி வாசலில் றோசமலர் வந்து நின்றாள். செலஸ்ரீனாவின் அக்கா.

"தம்பி, கிளாஸ் கழுவுற நேரமே இது? இஞ்சை எத்தினை பொம்பிளையள் நிக்கிறம்."

"இது கிளாஸ் இல்லை அக்கா."

"பேந்து?"

"விளக்கு."

அவள் கிளாஸைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பைக்குள் நின்ற பிரஷைப் பார்த்தாள். "ஏதும் சாப்பிட்டனீங்களே?" என்று மட்டும் கேட்டாள். புத்தி பேதலித்தவர்களிடம் கேட்கிற மெல்லிய குரலில்.

புத்தி நன்றாகத்தான் இருந்தது. வாக்குத்தான் பொறியாகியிருந்தது. போன கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட அன்று செலஸ்ரீனா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "இஞ்சேருங்கோ, என்னைக் கொண்டு போறண்டைக்கு எர்லிண்டா ஆக்களை அந்த விளக்கு ஆட்டம் ஆடச் சொல்லுங்கோ" என்றாள். விமலராஜ் "ஓம்" என்றான். கடைக்காரனின் 'ஓம்' அது. 'கருவாடு நாளைக்கு வந்திடும்' என்று வாடிக்கையாளரிடம் சொல்கிற அதே 'ஓம்'. ஆனால் அவள் அதை வாங்கி வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். இப்போது மணி பன்னிரண்டு. மூன்று மணிக்குப் பெட்டியை மூடி எடுக்க ஆட்கள் வருவார்கள்.

எட்டு வருஷங்களுக்கு முன், எண்பத்தொன்பதில், இதெல்லாம் ஒரு பேரத்தில் தொடங்கியது. சிசிலியில், பல்லரோச் சந்தைக்குப் பின்சந்தில் அவனுடைய கடை. அரிசி, கருவாடு, தேங்காயெண்ணெய், பிலிப்பினோப் பெண்களுக்காக மீன் சோஸ். வியாழக்கிழமை பின்னேரங்களில் வீட்டுவேலைக்காரருக்கு லீவு. அந்தப் பெண்கள் கூட்டமாக வருவார்கள். அவர்களில் எர்லிண்டா தராசுத் தட்டிலேயே பிறந்தவள் போல. ஒருநாள் அரைகுறை இத்தாலியனில் ஒரு மணி நேரம் வாதாடிவிட்டுச் சொன்னாள்: "உன்ரை விலைக்கே ரெண்டு மூட்டை எடுக்கிறன். ஆனா இண்டைக்குப் பின்னேரம் உன்ரை மனிசியை எங்களோடை விடு. ஆட்டத்துக்கு எட்டுப் பேர் வேணும். ஒருத்தி மிலானுக்குப் போட்டாள்."

விமலராஜ் மனைவியைக் கேட்காமலேயே தலையாட்டினான். ஒரு பின்னேரம் என்றுதான் பேச்சு. எட்டு வருஷம் போய்விட்டது.

அந்த ஆட்டத்துக்குப் பந்தங்கோ என்று பெயர். தலையில் ஒரு விளக்கு, இரண்டு புறங்கைகளிலும் ஒவ்வொன்று. எதையும் பிடிக்கக் கூடாது, எதுவும் விழக் கூடாது. மீன்பிடிக்கப் போன படகுகள் திரும்பும்போது தீவுப் பெண்கள் விளக்கோடு கரையில் நிற்பார்கள், அதுதான் ஆட்டமாகியது என்று எர்லிண்டா விளக்கினாள். "எங்கடை பேசாலையிலையும் லாம்போடைதான் கரையிலை நிண்டவை" என்றாள் மன்னார்க்காரியான செலஸ்ரீனா. "ஆனா ஆடுறேல்லை. ஏன் இவ்வளவு நேரம் எண்டு ஏசுறது."

முதல் ஆட்டம் பங்குக் கோயில் மண்டபத்தில். விளக்குக்கு விமலராஜ்தான் பொறுப்பு. சந்தையில் மலிவாகக் கிடைத்த சிவப்புக் கண்ணாடிக் குவளை மெழுகுதிரிகளில் ஒரு பெட்டி, மூன்று வாங்கினால் ஒன்று இனாம் என்று பேசி, வாங்கி வந்தான். எட்டுப் பெண்களும் தலையிலும் கையிலும் அவற்றோடு மேடைக்கு வந்ததும் முன்வரிசைச் சிசிலியக் கிழவிகள் எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி எழும்பி வெளியே போனாள். அவை கல்லறையில் வைக்கிற விளக்குகள் என்பது கடைக்காரனுக்கும் தெரியவில்லை, ஆடியவர்களுக்கும் தெரியவில்லை. செலஸ்ரீனா வீடு வரும்வரை சிரித்தாள். அடுத்த கிழமை அவன் அடி தடித்த மூன்று கிளாஸ்கள் வாங்கிக் கொடுத்தான். விலை பேசாமல் வாங்கினான். அதை அவளுக்குச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் எது நடந்தாலும் கிளாஸோடுதான். தேத்தண்ணியைப் புறங்கையில் வைத்துக்கொண்டு குசினியிலிருந்து வருவாள். அவனும் பழகிப் பார்த்தான். இரண்டு கோப்பை உடைந்தது. "நீங்கள் கையைப் பாக்கிறியள், அதாலைதான் விழுது. போற இடத்தைப் பாருங்கோ" என்பாள். எண்ணெய் சூடேறிக் கிளாஸின் அடி சுட்டு அவளுடைய இரண்டு புறங்கைகளிலும் வட்டமாக இரண்டு தழும்புகள். இன்று காலை அவளுடைய கையில் செபமாலையைச் சுற்றும்போது றோசமலர் அந்தத் தழும்புகளைச் சட்டைக் கையால் மறைத்துவிட்டாள்.

அவன் கிளாஸ்களைத் துடைத்து அடுக்கினான். பிறகு றோசமலரிடம் போனான். செபம் நடத்திய இராஜதுரை அண்ணனும் பக்கத்தில் இருந்தார். பங்கில் எல்லாம் அவர் சொல்தான்.

விமலராஜ் பேரத்தை உச்ச விலையில் தொடங்கினான். "எர்லிண்டா ஆக்கள் ஏழு பேரும் வருவினம். கிற்றார் அடிச்சு, மூண்டு ஆட்டம் ஆடுவினம். செலஸ்ரீனாவின்ரை ஆசை."

"என்ன?" இராஜதுரையின் கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கியது. "செத்த வீட்டிலை கூத்தோ?"

"தம்பி, சனம் என்ன சொல்லும்!" என்றாள் றோசமலர்.

"சரி, ரெண்டு ஆட்டம்."

"ஒண்டும் வேண்டாம்."

"ஒரு ஆட்டம். கிற்றார் இல்லாமல்."

"இந்தப் பிள்ளை என்ன கருவாடு விக்கிறாரோ?" என்றார் இராஜதுரை.

"அண்ணை, ஒரு ஆட்டம். சத்தம் இல்லை. சாமி செபம் முடிஞ்ச பிறகு, அஞ்சு நிமிசம். பாக்க விரும்பாத ஆக்கள் பல்கனியிலை நிக்கலாம்."

றோசமலர் பெட்டிப் பக்கம் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். "அஞ்சு நிமிசம். அதுக்கு மேலை ஒரு செக்கனும் இல்லை" என்றாள். தான் வென்றுவிட்டதாக நினைத்தாள். அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே வேண்டியிருந்தது அந்த ஐந்து நிமிஷம்தான்.

இரண்டு மணிக்கு எர்லிண்டா மற்றப் பெண்களோடு நான்கு மாடி ஏறி வந்தாள். எல்லோரும் கறுப்பு. விமலராஜ் அவளைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கழுவிய கிளாஸ்களைக் காட்டினான். இருவரும் பேசியது எப்போதும்போல கடையில் பழகிய இத்தாலியன்.

"எல்லாம் பேசி முடிச்சிட்டன். அஞ்சு நிமிசம் தந்திருக்கினம்."

"எதுக்கு?"

"ஆட."

எர்லிண்டா அவனை மேலும் கீழுமாகப் பார்த்தாள். "பிரேதம் வீட்டுக்குள்ளை இருக்கேக்கையோ? விமல், எங்கடை ஊரிலை கறுப்புப் போட்டா ஒரு வருசத்துக்கு ஆடமாட்டம். அது பாவம்."

"அவள் கேட்டவள்."

"என்னட்டையும் கேட்டவள். உங்கடை தமிழ் ஆக்களின்ரை வழக்கமாக்கும் எண்டு நினைச்சன்."

"நான் உங்கடை வழக்கம் எண்டு நினைச்சன்."

"நீ என்ன சொன்னனி?"

"ஓம் எண்டு. நீ?"

எர்லிண்டா முகம் துடைத்த கைலேஞ்சியை மடித்தாள். "நானும்தான்."

பேரம் பேசத் தெரிந்த இரண்டு பேர் ஒரு குசினிக்குள் நின்றார்கள். இரண்டு பேரும் செலஸ்ரீனாவை ஏமாற்றியிருந்தார்கள். தண்ணீர்க் குழாய் சொட்டியது. எர்லிண்டா அதைத் திருகி மூடினாள். பிறகும் சொட்டியது.

செய்வதற்கு வேறொன்றும் தெரியாமல் அவன் மூன்று கிளாஸ்களிலும் தேங்காயெண்ணெய் ஊற்றி, திரி போட்டுக் கொளுத்திக் கொண்டுபோய்ப் பெட்டியின் தலைமாட்டில் வைத்தான். றோசமலர் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஐந்து நிமிஷம் போனது. ஒருவரும் ஆடவில்லை. அவள் அவனை ஒருமுறை பார்த்தாள்.

மூன்று மணிக்கு ஆட்கள் வந்து மூடியை வைத்தார்கள். பெட்டி வாசலைத் தாண்டிப் படியில் இறங்கியது. அந்த வீட்டுச் சொந்தக்காரர் படிக்கட்டு மின்விளக்கைக்கூடக் கஞ்சத்தனமாக அளந்து கொடுப்பவர். ஒருமுறை பொத்தானை அழுத்தினால் இரண்டு மாடி இறங்குமுன் அணைந்துவிடும். மூன்றாம் மாடிப் பொத்தான் இரண்டு வருஷமாகவே வேலை செய்யவில்லை. பெட்டி சரியாக அந்தத் திருப்பத்தில் நிற்கும்போது இருட்டியது.

"லூச்சே!" என்று வெளிச்சம் கேட்டுக் கத்தினான் முன்னால் பிடித்தவன். ஒரு படி தவறியிருக்க வேண்டும்; பெட்டி சுவரில் இடித்தது. மேலே நின்ற பெண்கள் "ஐயோ" என்றார்கள்.

விமலராஜின் பின்னாலிருந்து எர்லிண்டா வந்தாள். புறங்கை இரண்டிலும் இரண்டு விளக்கு. குனிந்து, பெட்டிக்கு அடியால் நுழைந்து, முன்னால் போய்த் திரும்பி நின்றாள். இடது உள்ளங்கை படிக்கட்டுக் கைபிடியின் மேல் வழுக்கிக்கொண்டு வந்தது. விளக்கு அதன் முதுகில் இருந்தது. வலது கை பெட்டிக்கு வழிவிட்டு உயர்ந்து தாழ்ந்தது. அவள் பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்க, ஆட்கள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இறங்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவளுடைய கைகள் ஒன்றைச் சுற்றி ஒன்று போயின. அந்தக் குறுகல் படியில் வேறு மாதிரிப் போக இடமில்லை.

றோசமலர் விமலராஜுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். "தம்பி, இதுதானே அது?"

"இல்லை அக்கா. படியிலை வெளிச்சம் இல்லை."

அவள் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்த மூன்றாவது கிளாஸை அவனிடம் நீட்டினாள். "இந்தாங்கோ. தலைமாட்டிலை தனிய நிண்டது."

கீழே கதவு திறந்தது. மார்ச் மாத வெயில் முகத்தில் அடித்தது. சந்தில் மீன்காரன் கூவுவதை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினான். சியாகுல்லி மந்தரின் பழக் குவியலுக்குப் பின்னால் நின்றவள் சிலுவை போட்டுக்கொண்டாள். எர்லிண்டா தன் இரண்டு விளக்குகளையும் ஊதி அணைத்து, எண்ணெயை வாசலோரம் ஊற்றிவிட்டு, கிளாஸ்களைப் பைக்குள் வைத்தாள். பெட்டி தோளேறி, கோயிலை நோக்கிச் சந்தை நடுவால் நகர்ந்தது.

விமலராஜ் பெட்டிக்குப் பின்னால் நடந்தான். கொஞ்சத் தூரம் கிளாஸை விரல்களால் பிடித்துக்கொண்டு போனான். பிறகு மற்றக் கையைக் கவிழ்த்து, அதன்மேல் கிளாஸை வைத்து, விரல்களை எடுத்தான். கையைப் பார்க்கவில்லை. முன்னால் பெட்டி போய்க்கொண்டிருந்தது, அதைப் பார்த்தான்.

வெயிலில் விளக்கு எரிகிறதா அணைந்துவிட்டதா என்று தெரியவில்லை. புறங்கையில் வட்டமாக ஒரு சூடு மட்டும் இருந்தது.