எந்தப் பேட்டை

ஏழு மூட்டை மிளகாய் வற்றல் திருவனந்தபுரம் பேட்டை ஸ்டேஷனில் இறங்கவேண்டியது. திருநெல்வேலிப் பேட்டையில் இறங்கி, பதினோரு நாள் மழையில் கிடந்து, பூஞ்சை பிடித்து வந்து சேர்ந்தது. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் மூட்டைக்குச் சொந்தக்காரரான குற்றாலலிங்கம் பிள்ளை. மற்றவர் அவர் கடைக் கணக்கப்பிள்ளை சாம்பசிவன்.

சாம்பசிவன் அன்று மத்தியானமே மனு எழுத உட்கார்ந்துவிட்டார். திருநெல்வேலியில் ரயிலேறினால் அங்கே ஒரு பேட்டை, அதே தண்டவாளத்தில் வந்து இங்கே இறங்கப் போனால் இன்னொரு பேட்டை. இது ரயில்வேக்கு அழகா? இங்குள்ள ஸ்டேஷனுக்குத் திருவனந்தபுரம் வடக்கு என்று பெயர் வைத்தால் குடியா முழுகிவிடும்? இப்படி நான்கு பக்கம். எழுதிக்கொண்டு கையெழுத்துக்குக் கடைகடையாக ஏறினார்.

"தமிழம்மாரு தமிழ்நாட்டோட சேக்கணும்னு எல்லையைக் கேட்டு தெக்க போலீஸ் வெடிபட்டுச் செத்து ஒரு மாசம் ஆகல்ல ஓய்," என்றார் குற்றாலலிங்கம் பிள்ளை. "இப்பப் போய் ஸ்டேஷன் பேரை மாத்தச் சொல்லுதீரே. இங்க உள்ள மலையாளத்தானுவ நம்ம கடையைக் கொளுத்துவானுவ."

"பாஷைக்கும் இதுக்கும் என்ன மொதலாளி? குழப்பம் தீரணும். அம்புட்டுதான்."

சுமை இறக்கும் ஆட்களுக்கு மூப்பன் அழகியநம்பி. நாகர்கோவில் பக்கத்துக்காரன். பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒற்றை அறையில் தனியாக இருந்தான். சாம்பசிவன் காகிதத்தை அவனிடமும் நீட்டினார்.

"பேரை மாத்திப்புட்டா நான் ராத்திரி வீட்டுக்கு எப்படிப் போவேன் அண்ணாச்சி? வழி தெரியாம நிப்பேன்லா."

மூட்டை மேல் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"சிரிக்காதிங்கடே. ஒருநாள் ஒரு உசிரு தப்பான பேட்டையில எறங்கும். அன்னைக்குத் தெரியும்," என்றார் சாம்பசிவன்.

"இந்தத் தெருவுல நாலு சாம்பசிவன் உண்டு. முதல்ல உம்ம பேரை மாத்தும். பொறவு ஸ்டேஷனுக்குப் போவோம்," என்றான் அழகியநம்பி.

சாம்பசிவன் காகிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

புதன்கிழமை தந்தி வந்தது. அழகியநம்பிக்கு இங்கிலீஷ் தெரியாது. சாம்பசிவன்தான் படித்தார். "மீட் பேட்டை தர்ஸ்டே ஈவினிங். பகவதி." வியாழக்கிழமை சாயங்காலம் பேட்டையில் சந்திக்கவும் என்று அர்த்தமும் சொன்னார்.

பகவதி அவன் தங்கை. திருநெல்வேலி டவுனில் பிச்சையாவுக்குக் கட்டிக்கொடுத்து ஆறு வருஷம். முதல் வருஷமே புருஷன் அடித்த அடியில் இடது காது போனது. ஆடியில் அழகியநம்பி பார்க்கப் போனபோது வலது கையில் மூன்று விரல் கோணிக்கொண்டு நின்றது. பிச்சையா கதவிடுக்கில் வைத்துச் சாத்தியிருந்தான். பிச்சையா எதிரில் உட்கார்ந்து வியாபாரம் பேசினான். அழகியநம்பி அவள் கோணல் கையால் கொண்டுவந்த காப்பியைக் குடித்தான். குடித்துவிட்டு ரயிலேறினான். அந்தக் காப்பி இன்னும் அவன் வயிற்றில் கிடந்தது.

"நாளைக்குச் சாயங்காலம் வண்டியில வந்து எறங்குகா," என்றான்.

"எந்தப் பேட்டைடே?"

"என்ன கேள்வி அண்ணாச்சி? நான் இருக்கது பேட்டையில. நமக்குத் தந்தி வந்திருக்கு. வேற எந்தப் பேட்டை?"

"அவ இருக்கிற ஊர்லயும் ஒரு பேட்டை உண்டு. மிளகாய் மூட்டையை மறந்திட்டியா?"

"வீட்டுப் பக்கத்துல உள்ள எடத்துல நிக்கதுக்கு எவளாவது இவ்வளவு தூரம் தந்தி அடிப்பாளா? உம்ம மனுவை இதுக்குள்ள கொண்டு வராதிரும்."

சாம்பசிவன் தந்தியை அவனிடமே திருப்பிக் கொடுத்தார். அவருக்கே அது நியாயமாகத்தான் பட்டது.

வியாழன் சாயங்காலம் அழகியநம்பி பேட்டை பிளாட்பாரத்தில் நின்றான். மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கியை இடுப்பில் வேட்டிக்குள் செருகியிருந்தான். அவளைத் துரத்திக்கொண்டு பிச்சையாவும் வரலாம் என்று ஒரு எண்ணம். வந்தால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. யோசித்தால் காப்பி ஞாபகம்தான் வந்தது.

சாம்பசிவனும் வந்து சேர்ந்தார். கையில் மனு.

"ஸ்டேஷன் மாஸ்டர் கையிலயே குடுத்திட்டுப் போலாம்னு வந்தேன்," என்றார். "பொம்பளைப் பிள்ளை வருதா, துணைக்கு ஒரு ஆளாவும் ஆச்சு."

வண்டி கொல்லத்திலிருந்து அரைமணி தாமதமாக வந்தது. பத்திருபது பேர் இறங்கினார்கள். பெண்கள் பெட்டியிலிருந்து மீன்கூடைக்காரிகள் இறங்கினார்கள். பகவதி இல்லை. அழகியநம்பி பெட்டி பெட்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனான்.

"யாரைத் தேடுதீரு மச்சான்?"

பின்னால் பிச்சையா நின்றான். பக்கத்தில் அவன் சித்தப்பா மகன், பருத்த மீசைக்காரன். பிச்சையாவின் கண் சிவந்திருந்தது. வழியெல்லாம் குடித்திருக்கிறான்.

"என் பொஞ்சாதி எங்கல?"

"வீட்டுல இல்லையா மாப்பிள்ளை?"

"நடிக்காத. செவ்வாக்கிழமை விடியக்காலம் போனவ. நேத்து தந்தி ஆபீஸ்ல இருந்திருக்கா. அங்க உள்ளவன் என் சேக்காளி. எல்லாம் சொல்லிட்டான். உன் விலாசத்துக்கு அடிச்ச தந்தியாம், பேட்டையாம், வியாழக்கிழமையாம். தென்காசியில இருந்து பெட்டி பெட்டியா எறங்கித் தேடிட்டு வாறேன், இந்த வண்டியில அவ இல்ல. முந்தின வண்டியில வந்துட்டா. எங்கல வெச்சிருக்க?"

பேச்சு முடியுமுன்பே அறைந்தான். அழகியநம்பியின் உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. ரத்தத்தின் ருசி வந்த அந்த நொடியில்தான் அவனுக்கு எல்லாம் தெரிந்தது.

ஆடியில் ரயிலேறும் முன்பு அவளிடம் சொல்லியிருந்தான். அடுத்த தடவை கை வைத்தால் தந்தி அடி, நான் வருகேன். நான் வருகேன் என்றுதான் சொன்னான். நீ வா என்று சொல்லவில்லை. அவள் தந்தி அடித்துவிட்டாள். டவுன்காரிக்குப் பேட்டை என்றால் நடந்துபோகிற தூரத்தில் இருக்கிற பேட்டைதான். இந்த நேரத்துக்கு அவள் அங்கே, அந்த ஸ்டேஷனில், அண்ணன் வருவான் என்று நின்றுகொண்டிருக்கிறாள். சொன்ன வார்த்தையை மறந்துவிட்டு அண்ணன் இங்கே நிற்கிறான். புருஷனும் இங்கே நிற்கிறான்.

இவன் இங்கே நிற்கும்வரை அவளுக்கு உயிர் இருக்கிறது. இவன் மனதில் அந்தப் பேட்டை தட்டிவிட்டால் போயிற்று. அங்கே இவன் ஆட்கள் நிறைய. ஒரு தந்தி போதும்.

"நேத்தே வந்துட்டா," என்றான் அழகியநம்பி. "இங்கதான் இருக்கா. தர மாட்டேன்."

மீசைக்காரன் பின்னாலிருந்து கையை முறுக்கினான். பிச்சையா வயிற்றில் மிதித்தான். இரண்டு, மூன்று, நான்கு. அழகியநம்பி முட்டிபோட்டு விழுந்தான். மூச்சு வரவில்லை. அடித்தால் அடிக்கட்டும். அடிக்கிற நேரம் நல்ல நேரம்.

"எங்கன்னு சொல்லுல! சொல்லு!"

"ஊருக்குள்ள இருக்கா. வீடு வீடாத் தேடு. ஒரு வாரம் ஆகும்."

அப்போதுதான் ஸ்டேஷன் மாஸ்டர் அறைப் பக்கமிருந்து சாம்பசிவன் ஓடிவந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, மனுவைத் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு வந்தார். மனசில் பட்டதைச் சொல்லாமல் இருக்கத் தெரியாத மனிதர். அவர் முகத்தில் வெளிச்சம் அடித்தமாதிரி இருந்தது. அழகியநம்பிக்கு அது புரிந்தது. அவருக்கும் இப்போதுதான் தட்டியிருக்கிறது.

"ஏ அழகியநம்பி! நான் அன்னைக்கே சொன்னேன்லா! பிள்ளை இங்க வரல்லடே, அது அந்தப் பே—"

அழகியநம்பி மீசைக்காரனின் பிடியிலிருந்து பிய்த்துக்கொண்டு எழுந்தான். முழு பலத்தோடு சாம்பசிவனின் வாயில் குத்தினான். மூட்டை தூக்குகிற கை. முன்பல் இரண்டு அவன் விரல் முட்டியில் குத்தி நின்று பிறகு விழுந்தன. சாம்பசிவன் உட்கார்ந்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, நம்பமுடியாமல் அண்ணாந்து பார்த்தார். மறுபடியும் ஏதோ சொல்ல வாய் திறந்தது. அழகியநம்பி இன்னொரு குத்து விட்டான். இந்தத் தடவை தாடையில். மனிதர் மல்லாந்து விழுந்தார். மனு பிளாட்பாரமெல்லாம் பறந்தது.

பிச்சையாவே ஒரு நிமிஷம் மலைத்துவிட்டான்.

"அவரு யாருல? என்ன சொல்ல வந்தாரு?"

"உனக்கு எதுக்கு?"

"அந்தப் பேன்னு ஏதோ சொன்னாரே..." பிச்சையாவின் புருவம் மெதுவாக நெரிந்தது. குடித்த மூளை எதையோ தேடியது. "அந்தப் பே..."

அதற்கு மேல் அவனைத் தேடவிடக்கூடாது. அழகியநம்பி இடுப்பிலிருந்து கொக்கியை உருவினான். சாக்கைக் குத்தி இழுப்பது போலவே, பிச்சையாவின் முழங்காலுக்குப் பின்னால் குத்தி, இழுத்தான். நரம்பு அறுந்த சத்தம் அவனுக்குக் கேட்டது. பிச்சையா அலறவில்லை, முதலில் ஆச்சரியப்பட்டான். பிறகு விழுந்தான். விழுந்த காலின்மேல் அழகியநம்பி ஏறி மிதித்தான். மூங்கில் ஒடிகிற மாதிரி ஒடிந்தது. அப்புறம்தான் அலறல். அழகியநம்பி மறுபடி மிதித்தான். இந்த மிதி பகவதிக்காக அல்ல, காப்பிக்காக.

மீசைக்காரன் அவன் தலையில் எதையோ கொண்டு அடித்தான். அதற்குள் ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள்.

"தமிழம்மாரு தம்மில் தல்லாணு! பிடிக்கெடா!" தமிழர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்கிறார்கள், பிடியுங்கள் என்று மலையாளத்தில் கூச்சல்.

ஒருவன் மனுவின் ஒரு தாளைப் பொறுக்கிப் படித்துவிட்டு, ஸ்டேஷன் பெயரையே மாற்ற வந்தவர்கள் என்று கத்தினான். "ஸ்டேஷன்றெ பேரு மாற்றான் வந்தவம்மாராணு! பேட்டை வேண்டா போலும்!"

பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. அழகியநம்பியை அடித்தார்கள், மீசைக்காரனை அடித்தார்கள், வாயில் ரத்தத்தோடு கிடந்த சாம்பசிவனையும் நாலு மிதி மிதித்தார்கள். அழகியநம்பி தலையைக் கைக்குள் புதைத்துச் சுருண்டுகொண்டான். ஒரு விலா உடைந்தது. பிளாட்பாரக் கோடியில் பெயர்ப்பலகை தெரிந்தது. அதில் இருந்த எழுத்து எதுவும் அவனுக்கு அப்போது படிக்க வரவில்லை.

பிச்சையாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். மற்ற மூன்று பேரையும் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்தார்கள். நடுவில் மீசைக்காரன்.

சப் இன்ஸ்பெக்டருக்கு ஒரே ஒரு விஷயம் புரியவில்லை. அளியனை, தங்கை புருஷனை, அடித்தது சரி, அது குடும்பக் காரியம். "இயாளெ எந்தினா அடிச்சது?" என்று, இவரை எதற்கு என்று சாம்பசிவனைக் காட்டிக் கேட்டார். "தன்றெ கூடெ வந்த ஆளல்லே?"

அழகியநம்பி தரையைப் பார்த்தான். மீசைக்காரன் திரும்பி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். உண்மையைச் சொல்ல முடியாது. பொய்யும் வரவில்லை. லத்தி தோளில் இறங்கியது. மறுபடி இறங்கியது.

சாம்பசிவன் வாயில் துணியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழகியநம்பியைப் பார்த்தார். நடுவிலிருந்த மீசைக்காரனைப் பார்த்தார். அவன் எதைக் கேட்கக் காத்திருக்கிறான் என்று பார்த்தார். கணக்கப்பிள்ளை. கொஞ்ச நேரம் எடுத்தது, ஆனால் கூட்டிவிட்டார். துணியை எடுத்தார்.

"பெட்டிஷன் விஷயம் சார்," என்றார். பல் இல்லாத இடத்தில் காற்று சீறியது. "ஸ்டேஷன் பேரை மாத்தணும்னு நான். மாத்தப்பிடாதுன்னு இவன். ரொம்ப நாளா வாக்குவாதம்."

"ஒரு பேரினு வேண்டியோ?"

"ஆமா சார். அம்புட்டுதான்."

சப் இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். மீசைக்காரன் காறித் துப்பினான். "கிறுக்குப் பயலுவ."

சாம்பசிவனை மட்டும் அன்றே விட்டார்கள். எழுந்து போகும்போது அவர் அழகியநம்பி பக்கம் திரும்பவில்லை. வாசலில் நின்ற போலீஸ்காரனிடம் மட்டும், கேட்கும்படி, விடிகாலை வண்டி எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்.

வெள்ளிக்கிழமை முழுக்க மீசைக்காரனோடு ஒரே அறை. இரண்டு தடவை அவன் கழுத்தைப் பிடித்தான். அவளை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டான். அழகியநம்பி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு தெருப் பெயர் சொன்னான். பழவங்காடி என்றான், கரமனை என்றான். விலா குத்தியது. மூச்சை அரை அரையாக விட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் குற்றாலலிங்கம் பிள்ளை வந்தார். கம்பிக்கு வெளியே நின்று ஒரு தந்தியை ஆட்டினார். முகம் கடுகடுத்துக் கிடந்தது.

"உன்னைப் பாக்க வரல்லடே. இந்தக் கூத்தைக் கேளு. சாம்பசிவனுக்கு வாயோட மூளையும் ஒடைஞ்சு போச்சு போல இருக்கு. கேக்காம திருநெல்வேலிக்குப் போயிருக்கான். அங்கேருந்து தந்தி. ஒன் பேக் ரிசீவ்டு. டேமேஜ்டு." தாளைத் திருப்பிப் பார்த்தார். "ஏழு மூட்டையும் வந்து எத்தனை நாளாச்சு. இது எந்த மூட்டை? என் சரக்கு ஏதாவது பாக்கி இருக்கா அங்க?"

அழகியநம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். மூலையில் மீசைக்காரன் படுத்திருந்தான். தூங்குகிறானா இல்லையா என்று தெரியவில்லை.

"ஒண்ணு உண்டு மொதலாளி. விட்டுப்போச்சு."

"எவ்வளவு சேதம்னு போடல்லையே இவன்."

"போடல்லையா?"

"இல்ல. ஒத்தை வார்த்தைதான்."

அழகியநம்பி பகவதியின் சேதத்தை எண்ணிப் பார்த்தான். காது, விரல். அதற்கு மேல் இந்த மூன்று நாளில் என்னவோ.

"வரட்டும்," என்றான். "வந்த பொறவு பிரிச்சுப் பாத்துக்கிடலாம்."

"நீ பாக்குறதுக்கு உன்னை வெளிய விட்டாத்தானே. இனிமே அந்த மனு எழவைக் கடைக்குள்ள எடுக்கப்பிடாது, சொல்லிட்டேன். சாம்பசிவன் வந்தாச் சொல்லு."

"அண்ணாச்சிகிட்ட ஒண்ணு சொல்லணும் மொதலாளி. அந்தப் பேரை இப்போ மாத்த வேண்டாம். மூட்டை வந்து சேரட்டும். பொறவு மாத்தட்டும். முதல் கையெழுத்து நானே போடுகேன்."