இழை மாவு

சுவர்க் கடிகாரம் மாலை ஏழரை காட்டியது. ஜப்பான்காரர்கள் ஊரைப் பிடித்ததிலிருந்து தோக்கியோ நேரம்தான். வெயில் இன்னும் வாசற்படியை விட்டு இறங்கவில்லை.

சிட்டாள் மணிப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே சின்னச் சின்னத் தகரத் தட்டுகள். ஒன்றில் பவளம். ஒன்றில் பச்சைக் கண்ணாடி மணி. ஒன்றில் வளையமாகச் சுற்றிய செப்புக் கம்பி. இரண்டு குறடு. ஒரு துண்டு தேன்மெழுகு. புந்தோங்கில் யாருடைய தாலிக்கயிறு நைந்தாலும், யாருடைய பாசி அறுந்தாலும் அவளிடம்தான் வரும். கணவன் கூட இருந்தவரை அது பொழுதுபோக்கு. இப்போது பிழைப்பு.

பவளத்தை விரலால் அளைந்தாள். குளிர்ந்து இருந்தது. மெழுகு தடவிய நூல் மணிக்குள் நுழைந்து மறுபக்கம் தலைகாட்டும் அந்த நொடி அவளுக்குப் பிடிக்கும். அப்போது வேறு எதுவும் நினைவில் இருக்காது.

இன்று மணி கோக்கவில்லை. திரி திரித்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளையார் நோன்பு. கார்த்திகைக்கு மறுநாள் தொடங்கி, கோடி வேட்டியிலிருந்து ஆளுக்கு ஒரு நூலாகத் தினமும் உருவ வேண்டும். இருபத்தோரு நூல் சேர்ந்தால் ஒரு திரி. வெல்லம் பிசைந்த மாவு உருண்டையில் அதை நட்டு, ஏற்றி, சுடரோடு விழுங்க வேண்டும். அதுதான் இழை. மூத்த ஆண் எடுத்துக் கொடுப்பார். பிள்ளை உண்டாகியிருப்பவள் மட்டும் இரண்டு எடுப்பாள், வயிற்றில் இருப்பதற்கும் சேர்த்து.

சிட்டாளுக்கு இது மூன்றாம் மாதம். வெளியே சொல்ல முடியாது.

தடைசெய்த வானொலியைக் கேட்டான் என்று மாசி மாதம் ஜப்பான் ராணுவப் போலீஸ் தேடி வந்தபோது, அவள் கணவன் தேனப்பன் பின்வேலியைத் தாண்டி ஓடினான். சயாமில் ரயில் பாதை போடப் போய்விட்டான் என்றார்கள் சிலர். செத்துவிட்டான் என்றார்கள் சிலர். உண்மையில் அவன் சுங்கை சிப்புட்டில், ஒரு ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில், பால்மரம் வெட்டும் வீரம்மாவின் வீட்டில் ஒளிந்திருந்தான். மணி விற்கப் போவதாகச் சொல்லி சிட்டாள் அங்கே போய் வந்தாள். கைநிறையப் பாசிச்சரத்தோடு போவாள். மரவள்ளிக் கிழங்கோடு திரும்புவாள். யாரும் சந்தேகப்படவில்லை.

முன்பு ஒரு நோன்பில் உண்டானது தெரியாமல் ஒற்றை இழை எடுத்திருந்தாள். தை பிறப்பதற்குள் அது கலைந்துவிட்டது. அதனால்தான் என்று யாரும் சொல்லவில்லை. அவளே சொல்லிக்கொண்டாள்.

இந்த வருடம் நோன்புக்கு மூன்று பேர். தினம் மூன்று நூல் உருவ வேண்டிய இடத்தில் அவள் நான்கு உருவினாள். தேனப்பன் உடுத்தாமல் வைத்திருந்த வேட்டி. இப்போது இரண்டு திரியை ஒன்றாகச் சேர்த்து முறுக்கினாள். இறுக்கினாள். மெல்லிய மணிக்கு நூல் திரிப்பதுபோல அழுத்தி உருட்டினாள். மற்ற இரண்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வித்தியாசம் தெரியவில்லை.

அடுப்படியிலிருந்து செகப்பி கூப்பிட்டாள். தேனப்பனின் பங்காளி நாச்சியப்பனுக்கு மனைவி. மத்தியானமே வந்து பணியாரத்துக்கு உட்கார்ந்துவிட்டாள்.

"இங்க வந்து பாரு இந்தக் கூத்த. மரவள்ளி மாவுல பணியாரமாம். சுவத்துல எறிஞ்சா திரும்பி நம்ம கைக்கே வரும்லா."

"தோட்டத்துல வெளஞ்சதுதான, ஆச்சி. ரப்பர் மாதிரித்தான் இருக்கும்."

செகப்பி சிரித்தாள். எண்ணெய்ச் சட்டியில் பணியாரம் புரண்டது. கருப்பட்டி கருகும் வாசனை எழுந்தது. எத்தனையோ மாதம் கழித்து இந்த வீட்டில் எண்ணெய் காய்கிறது. பக்கத்துச் சட்டியில் கத்திரிக்காய் கொதித்தது. இழை மாவுக்கென்று பாரிட் புந்தாரிலிருந்து வந்த கைப்பிடி பச்சரிசியை இடித்து, சலித்து, மூடி வைத்திருந்தாள் செகப்பி. தட்டை லேசாகத் திறந்து மோந்து பார்த்தாள்.

"அரிசி வாசனையே மறந்துபோச்சு, சிட்டாள். அப்படியே வாயில அள்ளிப் போட்டுக்கலாம்போல இருக்கு."

சிட்டாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"என்ன, வாசனை ஆகலையா?"

"எண்ணெய் காறலா இருக்கு ஆச்சி."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே." செகப்பி அவளை ஒரு நொடி பார்த்தாள். பிறகு பணியாரத்தைத் திருப்பிப் போட்டாள்.

நாச்சியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மணி, நூல், கம்பி வியாபாரம். சிட்டாளுக்கு வேண்டிய சாமான் எல்லாம் அவர் கொண்டுவருவதுதான். வலது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. இடது கையால் ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

"பிரிச்சுப் பாரு."

தங்க முலாம் பூசிய கம்பி. தலைமுடி பருமன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். எங்கும் வெட்டுப்படாத ஒரே இழுப்பு. அவளை அறியாமல் முகம் மலர்ந்தது.

"எங்க கிடைச்சுச்சு, அண்ணே?"

"கிடைச்சுச்சு." அவர் பாயில் உட்கார்ந்தார். "தேனப்பன் சேதி ஏதாச்சும்?"

"இல்ல அண்ணே."

"நேத்து ராணுவப் போலீஸ்ல மறுபடி கூப்பிட்டு விட்டாங்க. அவனுக்கு நான்தான பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டேன். பொங்கலுக்குள்ள அவன் எங்கன்னு சொல்லணுமாம். இல்லன்னா நான் உள்ள."

"விரலுக்கு என்ன?"

"கதவுல நசுங்கிருச்சு."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

சிட்டாள் கம்பியைப் பெட்டியில் வைத்து மூடினாள். மாவைப் பிசைய உட்கார்ந்தாள். வெல்லப்பாகு சூடாக இருந்தது. மூன்று உருண்டை பிடித்தாள். மூன்று திரி நட்டாள். நெய் இல்லை. தேங்காயெண்ணெய் தொட்டு வைத்தாள். தன்னுடையதைத் தட்டின் கடைசியில் வைத்தாள். கடைசியில் உட்காருவதும் அவள்தான்.

பிள்ளையார் படத்துக்கு முன் பொரியும் பணியாரமும் வைத்தார்கள். செகப்பி தட்டை எட்டிப் பார்த்தாள்.

"தேனப்பனுக்கும் ஒண்ணு வைக்கக்கூடாதா? பாவம், எங்க இருக்கானோ. அவன் பேரச் சொல்லி இவ எடுத்துக்கட்டுமே."

சிட்டாள் நிமிர்ந்தாள்.

"எதிர்ல இல்லாதவனுக்கு எப்படிக் கொடுக்கிறது?" என்றார் நாச்சியப்பன். "நூல் எடுத்ததே மூணு பேருக்குத்தான."

சிட்டாள் தலையாட்டினாள்.

அவர் மூன்றையும் ஏற்றினார். வெயில் போயிருந்தது. முதல் இழையைத் தானே எடுத்து விழுங்கினார். இரண்டாவதை செகப்பியின் உள்ளங்கையில் வைத்தார். அவள் கண்ணை மூடி வாயில் போட்டுக்கொண்டாள். இரண்டு சுடரும் வாய்க்குப் போகும்வரை படபடத்துக் கரிப்புகை விட்டன.

மூன்றாவது அப்படி எரியவில்லை. உயரமாக, ஆடாமல், புகையில்லாமல் எரிந்தது. தேன் வாசனை வந்தது.

சிட்டாளுக்கு அப்போதுதான் புரிந்தது. மெழுகு. மணி நூல்போல இறுக்கினாலே கூடவே மெழுகு தடவும் கை. இவ்வளவு நாள் செய்ததையே இன்றும் செய்திருக்கிறது. அவள் கவனிக்கவே இல்லை.

அவள் கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. உருண்டையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இடது கை விரல்களால் திரியின் அடியை, மாவுக்குள் புதைந்த இடத்தில், மெதுவாக உருட்டினார். வாங்கும்போது அவர் எந்த நூலையும் அப்படித்தான் பார்ப்பார்.

"மெழுகு போட்டிருக்க."

"கைப்பழக்கம், அண்ணே."

"ம்." இன்னொரு முறை உருட்டினார். "இருபத்தோரு நூல் இவ்வளவு கெட்டியா இருக்காது."

செகப்பி கணவனைப் பார்த்தாள். பிறகு சிட்டாளைப் பார்த்தாள். அடுப்படியில் முந்தானையால் மூக்கை மூடிய முகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"கொடுத்துருங்க," என்றாள். "சுடர் இறங்குது. அணைஞ்சா ஆகாது."

திரி பாதிக்குமேல் எரிந்திருந்தது. உருகிய மெழுகு மாவின் மேல் இறங்கியது. சிட்டாள் நீட்டிய கையை மடக்கவில்லை. நாச்சியப்பனின் கட்டைவிரல் துணியில் புதிதாக ஒரு சிவப்பு பரவியிருந்தது.

"தேனப்பன் போயி பத்து மாசமாச்சு," என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. "சொல்லு, சிட்டாள். இத நான் எத்தன பேருக்குக் கொடுக்கிறேன்?"